அரைப்பேர்

மார்ச் 9
மகள் கேஷானிக்கு இன்று மாவட்டத் தெரிவு. எண்ணூறு மீட்டரில் இரண்டாவது. கயிற்றுக்கு வெளியே நின்று வழக்கம்போலக் கத்தினேன்: "ஓடு, அரைப்பேரு!" நான் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதும் மடுவத்தில், எடை குறைந்து அரை நாள் பேர், அதாவது அரைக் கூலி, விழுகிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவேன். ஏழு வயதில் இவளுக்கும் அந்தப் பேரைப் போட்டுவிட்டேன். கோபம் வந்தால் கால் வேகமாகும் என்பது என் சித்தாந்தம். எங்கள் லயத்தின் வரிசை வீடெல்லாம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள் – பல் தெரியாது, அவ்வளவுதான்.

மார்ச் 23
மாகாண விளையாட்டு முகாமிலிருந்து மர்லியா மிஸ் வந்தார். ஓடுகிற பிள்ளைகளின் மனதைப் பார்க்கிறவராம். ஊசி இல்லை, ஒரு கொப்பி மட்டும்.
"கடைசி நூறு மீட்டர்ல யாரு குரல் கேக்குது?"
"அப்பாவோடது."
நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மிஸ் ஏதோ எழுதினார். பாராட்டுத்தான், வேறென்ன?

மார்ச் 24
தொண்ணூற்று நாலில் என் மாஸ்டருக்குத் தெரிந்த மனோதத்துவம் இரண்டு முழம். பிரம்பு. "துவபங் புருவோ!" – சிங்களத்தில், ஓடுடா கழுதை. மாவட்டப் போட்டியில் பாதி ஓட்டத்தில் ஓடுபாதைக் கோட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தக் கதையைச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்! அதன்பிறகு ஓடவேயில்லை என்பதைச் சொல்வதில்லை.
தம்பி மகன் நிரோஷன் காலத்தில் பிரம்பு போய் மைக் வந்தது. போட்டிக்கு முதல் நாள் "என்னால் முடியும்" என்று இருநூறு தடவை கத்தவைத்தார்கள். தொண்டை கட்டிக் கடைசியாக வந்தான்.
இப்போது கேஷானியை மூச்சை எண்ணச் சொல்கிறார்கள். ஓடும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்ள அவளே ஒரு சொல் தேடவேண்டுமாம். என் சொல் இருக்க இன்னொன்று எதற்கு?

ஏப்ரல் 20
மிஸ் போன் எடுத்தார். "அந்தப் பேரைக் கேட்டா அவளுக்குக் கால் மரத்துப் போகுதுங்க. ஓட்டத்தன்னிக்கு நீங்க ஒண்ணும் பேசாதீங்க. இதச் சொல்லச் சொன்னதே அவதான்."
கேஷானியிடம் கேட்டேன். "ஏன் என்கிட்டச் சொல்லல?"
"சொன்னேன்பா. நீங்க அதையும் லயத்துல சொல்லிச் சிரிச்சீங்க."
சொன்னாளா? சொன்னாள். சிரித்தேன்.

மே 18
வாயை மூடப் பயிற்சி எடுக்கிறேன். விஜயகலா சொல்கிறாள்: "அந்த மிஸ் மொதல்ல ஒங்களத்தான் பாத்திருக்கணும்." பெண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 15
இரத்தினபுரி. மாகாணப் போட்டி. தோளில் கிடந்த துவாயைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தியமாக ஒரு சத்தம் போடவில்லை. கடைசி வளைவில் கேஷானி முதலில்!
தோட்டத்திலிருந்து ஒரு வேன் ஆட்கள் ஆசையாக வந்திருந்தார்கள். கொழுந்து பறிக்கும் பஞ்சவர்ணம் அக்கா முன்னால். பதினைந்து தொண்டை ஒன்றாக: "அரைப்பேரு! ஓடு, அரைப்பேரு!"
யார் சொல்லிக்கொடுத்தது?
முடிவுக்கு அறுபது மீட்டர் இருக்க நின்றாள். விழவில்லை. நின்றாள். பிறகு கோட்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி வெளியே நடந்தாள். எனக்குத் தெரிந்த வழிதான்.
துவாய் இன்னும் என் வாயில் இருந்தது.

ஜூன் 22
கேஷானி எம்பிலிப்பிட்டியவில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். இனிப் படிப்பும் அங்கேதானாம்.

செப்டம்பர் 29
கேஷானி அங்கே ஒரு போட்டியில் முதலாவது. விஜயகலா போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னுதான் சொன்னா."
"என்ன சொல்லு சொல்லிக்கிட்டு ஓடினாளாம்?"
"அது ஒங்களுக்கு எதுக்கு?"
சாயந்திரம் மடுவத்தில் பஞ்சவர்ணம் அக்காவுக்கு எடை குறைவு. எழுதிவிட்டு, பெயரை மட்டும் வாசித்தேன். என் வழக்கமான கூப்பாட்டுக்கு வரிசை காத்திருந்தது. பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்:
"என்னங்க கணக்கப்புள்ள, தொண்ட கட்டிருச்சா?"
அடுத்த கூடையைத் தராசில் மாட்டினேன். அக்காவே கையைத் தூக்கிக் கத்தினாள்: "அரைப்பேரு!"
எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான். பல் தெரியவில்லை.