அடுப்பில் போன பார்லி

ப்ரோவிக்,
மார்ச் 7, 1976, ஞாயிறு.

அன்பு மகள் ராக்னாவுக்குப் பெரியப்பா எழுதுவது. இங்கே பெரியம்மா பெர்ட்டாவும் நானும் உயிரோடும் ஒருவரோடு ஒருவர் சண்டையோடும் நலமாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர வீட்டில் வேறு எதற்கும் நோவில்லை. அங்கே வான்கூவர் மழையில் நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சளி பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த வருஷப் பனியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் கோழிக்கூடு காணாமல் போய், நான் குத்துமதிப்பாகத் தோண்டி நேராகக் கூரை மேலேயே இறங்கினேன், ஊரில் வேறு எவனுக்கும் அந்தக் கணக்கு வராது. ஆனால் மகளே, இந்தத் தடவை நான் எழுத வந்தது பனியைப் பற்றி இல்லை. நான்கு நாளாகத் தூக்கமில்லை. நம் ஊருக்கு வரும் ரயில் பாதையைப் பெயர்த்துவிடலாமா என்று விசாரிக்க அரசாங்கத்தின் கமிஷன் போன வியாழக்கிழமை நம் சமூகக் கூடத்துக்கு வந்தது. பாதை போனால் தானியத்தைச் சேர்த்துவைத்து ரயிலில் ஏற்றும் கோபுரத்தைக் கம்பெனிக்காரன் மூடிவிடுவான், கோபுரம் மூடினால் கடையும் தபாலாபீசும் பள்ளிக்கூடமும் ஒரே வருஷத்தில் போய்விடும், பிறகு நானும் பெர்ட்டாவும் காற்றும்தான். அதனால் ஊரின் சரித்திரத்தை எழுதி வாசிக்கவேண்டும் என்று முடிவாகி, ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்த என்னிடம் கொடுத்தார்கள், வேறு யாரிடம் கொடுப்பார்கள்? முப்பது வருஷம் அந்தத் தண்டவாளத்தில் ஆணி அடித்தவன் நான்தானே.

பதினான்கு பக்கம் எழுதினேன். 1911இல் ரயில்காரன் ஊருக்கு மூன்று மைல் தள்ளிப் பாதை போட்டபோது நம் அப்பன்மார் ஊரையே சறுக்குக் கட்டையில் ஏற்றி உறைபனியில் இழுத்துப்போன கதையில், தேவாலயத்தை இழுத்த குதிரை இருபத்து நாலு, நான் அறுபது என்று போட்டேன், வாசிக்கும்போது எண்பது என்று வாய் சொல்லிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நாற்பத்தேழாம் வருஷம் பதினேழு நாள் ரயில் வராமல் ஊர் பனியில் புதைந்து கிடந்ததே, அந்த இடம் வந்ததும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. ரயிலா வரவில்லை, வராமல் போகட்டும் என்று ப்ரோவிக் ஆண்கள் பனிவண்டிகளில் தானியத்தை ஏற்றி இருபத்தெட்டு மைல் தாண்டி ஹார்ட்லி நகரத்துக்குக் கொண்டுபோய், நிலக்கரியோடு திரும்பிவந்தார்கள், ஒரு மணி சிந்தவில்லை என்று வாசித்தேன். கூடம் அதிரக் கை தட்டினார்கள். ரயில் கம்பெனி வக்கீல் ஒல்லியான ஆள், மெதுவாக எழுந்து, "ரொம்ப அருமைங்க பெரியவரே, அப்ப ரயில் இல்லாமலே இந்த ஊர் நல்லா சமாளிக்கும்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க, எனக்கு வேற சாட்சியே வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். வெளியே வந்ததும் அடுத்த பண்ணை எல்மர், "யோவ் தோர்வால்ட், உன் எண்பது குதிரையும் சேர்ந்து நம்மளையே மிதிச்சிடுச்சேய்யா" என்றான்.

திருத்தம் ஏதாவது இருந்தால் வரும் பதினெட்டாம் தேதி வியாழன் பத்து மணிக்கு வந்து சொல்லலாம் என்று கமிஷன் தலைவர் சொல்லியிருக்கிறார். சொல்லப்போகிறேன். பத்திரிகைக்காரன் எழுதுவான், அது உன் கண்ணில் படுவதற்கு முன்னால் நீ இதை என் கையெழுத்தில் படிக்கவேண்டும். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. நாங்கள் ஹார்ட்லிக்குப் போகவில்லை. ஒரே வண்டியில் கிளம்பி, இரண்டு மைல் போவதற்குள் குதிரை கால் ஒடிந்து விழுந்து, அழுதுகொண்டு திரும்பினோம். பதினோராம் நாள் ஊரில் நிலக்கரி தீர்ந்தது. அறுபத்தொரு பேர் பள்ளிக்கூடத்தில் ஒரே அறையில், மேசை நாற்காலியெல்லாம் எரித்தாகிவிட்டது. உனக்கு நாலு வயது, உன் அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, உன் விரலெல்லாம் நீலமாகிவிட்டது. உன் அப்பன் ஹல்வர்தான் கோபுரத்துக்குப் பொறுப்பாளன் என்பது உனக்குத் தெரியும். உள்ளே இருந்த தானியத்தில் ஒரு பிடிகூட அவனுடையது இல்லை. அவன் உன் விரலைப் பார்த்தான், எழுந்துபோனான், பார்லித் தொட்டியைத் திறந்துவிட்டான். பார்லி லேசில் எரியாது மகளே, கிளறிக்கொண்டே இருக்கவேண்டும், ரயில் வரும்வரை ஆறு நாள் அவன்தான் கம்பியை வைத்துக்கொண்டு கிளறினான். அறுபத்தொரு பேரும் பிழைத்தோம்.

வசந்தத்தில் தானியக் கம்பெனி ஆள் வந்து அளந்து பார்த்தான். ஊர் பிழைக்கத்தான் எரித்தோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்வோம் என்றுதான் பேச்சு. ஹல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க வாயத் தொறக்காதீங்க, உங்களுக்கும் ரயில் வேலை போச்சுன்னா என் பொண்ணுக்கு யாரு சோறு போடுவா?" என்றான். அது நல்ல காரணம்தான், ஆனால் அதற்கும் மேலே எனக்குப் பயம். நான் வாயை மூடியதைப் பார்த்து ஊரே மூடிக்கொண்டது. அவன் திருடன் என்ற பெயரோடு போனான். துறைமுகத்துக்குப் பெரிய அதிகாரியாகக் கம்பெனி கூப்பிட்டது என்று நான் உனக்குச் சொன்னதெல்லாம் நான் கட்டியது. அங்கே அவன் ரயில் பெட்டியிலிருந்து மண்வாரியால் தானியம் தள்ளினான், எட்டுப் பேர் படுக்கும் கொட்டகையில் கிடந்தான், அங்கே பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது, அந்தத் தூசியே நெஞ்சை அடைத்துக் கொன்றது. உனக்குப் பதினைந்து வயதில், "என்னை விட அப்பாவுக்கு அந்தப் பதவி பெரிசா?" என்று கேட்டாய். பதவி அப்படி என்றேன் நான். வாயைத் திறந்தால் கதை கட்டுகிறவனுக்கு அன்றைக்கு ஒரு நிஜம் வரவில்லை.

வியாழக்கிழமை அவன் பெயரைத்தான் முதலில் சொல்வேன். பாதை நிற்குமா தெரியாது, அந்த ஒல்லி வக்கீல் நேற்றுவரை பொய் சொன்னவனை இன்றைக்கு எப்படி நம்புவது என்று கேட்பான், என்ன பதில் சொல்வேனோ. நீ வேண்டாம் என்றாலும் போவேன். ஆனால் திட்டுவதாக இருந்தால் முந்தின நாள் புதன்கிழமை சாயங்காலமே தொலைபேசியில் திட்டிவிடு, மறுநாள் யார் திட்டினாலும் உறைக்காமல் இருக்கும்.

கர்த்தர் உன்னை எந்தக் குளிரும் அண்டாமல் காக்கட்டும். கையுறை போடாமல் வெளியே போகாதே, அந்த விரல்களுக்கு உன் அப்பன் விலை கொடுத்திருக்கிறான். நம் வீட்டு சூப்பில் ஏன் ஒருபோதும் பார்லி போடுவதில்லை என்று சின்ன வயதில் கேட்பாயே, பெர்ட்டாவுக்கு அந்த வாசம் ஆகாது என்று சொல்லி வைத்திருந்தேன், ஆகாதது எனக்குத்தான். நேற்று அவள் கடையில் அரைக் கிலோ பார்லி வாங்கிவந்து மேசைமேல் வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை காலையில் அதைப் போட்ட சூப்பைக் குடித்துவிட்டுத்தான் கூடத்துக்குப் போகவேண்டுமாம்.

உன் பெரியப்பா,
தோர்வால்ட்