பக்கத்துத் தடம்

8 டிசம்பர் 1987, பண்டாரவளை

இல்லை, நான் ஒன்றும் செய்யவில்லை. காலையில் கந்தோருக்கு வந்து போட்டதுமே கணினிக்குள் டக், டக். திரையில்: வாசிக்க முடியவில்லை. நிறுத்தவா, மறுபடி முயலவா, விட்டுவிட்டுப் போகவா?

தேயிலைத் தோட்டங்களின் பிறப்புப் பதிவுகள் எல்லாம் அதற்குள் இருக்கும் அந்த ஒரு வன்தட்டில். ஏப்ரல் வெயிலில் நான் தட்டச்சு செய்தவை. மூலத் தாள்கள் மண்சரிவில் போய்விட்டன.

9 டிசம்பர்

அப்புத்தளையிலிருந்து தோட்டத் தொழிலாளி நல்லம்மா வந்திருந்தார். திங்களன்று அவருக்குப் பிரஜாவுரிமை விசாரணை. இங்கே பிறந்தவர் என்று தாள் இல்லாவிட்டால் இந்தியாவுக்குத்தான். பிள்ளைகள் இங்கே.

"எம்பேரு அதுக்குள்ளதானே இருக்கு மிஸ்? கதவத் தட்டிப் பாருங்க."

மறுபடி. மறுபடி. டக், டக். மேலதிகாரி புஹாரி சேர் எட்டிப் பார்த்தார். "போன கிழமை எனக்கும் இப்பிடித்தான். விட்டுட்டுப் போன்னு குடுத்தேன், ஓடிச்சு."

கொடுத்தேன். நல்லம்மா. திரையில் தகப்பன் பெயர் பாதி. பிறந்த இடம்: திருச்சி.

நானா அப்படி அடித்தேன்? ஞாபகமே இல்லை. அவரிடம் சொல்லவில்லை. நாளை வரச் சொன்னேன்.

10 டிசம்பர்

கொழும்பு இஞ்சினியர் தொலைபேசியில்: "குளிருல உள்ள இருக்கிற இரும்பு சுருங்கும். வாசிக்கிற தலை மயிரிழை தள்ளி நிக்கும். பக்கத்துத் தடத்துல எழுதினதும் கலந்து வரும். நாளைக்குப் பின்னேரம் வந்து எல்லாத்தையும் அழிச்சு, புதுசா தாறேன்."

அழித்தா?

நல்லம்மாவை இன்றும் திருப்பி அனுப்பினேன்.

11 டிசம்பர்

வெயிலில் எழுதியது சூட்டில் சரியாக வாசிக்குமோ? நல்லம்மாவின் கம்பளியைக் கேட்டு வாங்கி, கணினிப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினேன்.

"அதுக்கும் குளிருதா? கம்பளி கட்டியாச்சு, கொழுந்தெடுக்க நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சிரிக்க முடியவில்லை. சூடு ஏறியது. கருகல் வாசனையா — என் பயமா? எரிந்தால் எல்லாருடைய பதிவும் போச்சு.

மறுபடி. டக். மறுபடி.

சத்தம் நின்றது. நல்லம்மா, அப்புத்தளை. அடுத்த வரி: ராசம்மா, திருச்சி.

தாளை அச்செடுத்து நல்லம்மாவிடம் கொடுத்தேன். முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். கம்பளியை விட்டுப் போனார்.

அப்போதுதான் உறைத்தது. போன வாரம் சேர் 'விட்டுவிட்டுப் போ' கொடுத்து எடுத்த தாள்கள்? பதுளை விசாரணைக் கந்தோருக்குப் போய்விட்டன. அதில் யார் யாருக்கு யாருடைய ஊர்?

"சும்மா கிளறாதீங்க காமிலா. ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்" என்றார் சேர்.

இஞ்சினியர் வருவதற்குள் முழுத் தட்டையும் பிளாப்பிகளில் பிரதி எடுத்தேன். சேர் அனுப்பிய பெயர்களைச் சரியான ஊர்களோடு திரும்ப அச்சிட்டேன். அந்தத் தாள்களோடு பதுளை பஸ்ஸில் ஏறினேன்.