கோணலாக அறுக்கும் செயின்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிளாரிசாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் சுகம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவையும் கை அப்படியே எழுதிவிட்டது, மீதியைப் படித்துவிட்டு நீயே சொல். டப்ளினில் குளிர் எப்படி? வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் தாள் எடுத்தேன்.

மாதா கோயில் திருநாளுக்கு அம்மாவுக்கு முந்நூறு பேருக்குப் பிரியாணி ஆர்டர். கேஸ் அடுப்பில் செய்யேன் என்றால், விறகில் வேகாதது பிரியாணியே இல்லை என்று என் வாயை அடைத்துவிட்டாள். பூச்சோங்கில் வெள்ளத்தில் சாய்ந்த ரம்புத்தான் மரங்களை லோரியில் கொண்டுவந்து போட்டேன். கட்டை கல் மாதிரி, பட்டை இடுக்கெல்லாம் சேறும் மணலும், பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மரம் அறுக்கும் மெஷின், அந்தச் செயின்சாவை வைத்தால் சீவலாக விழ வேண்டியது மாவாக விழுகிறது. கடைக்காரன் கிஷனிடம் போனேன், உன்னோடு படித்த அதே கிஷன்தான். அங்கிள், நீங்க போட்டிருக்கிறது மூலை கூரான பல்லு, அது சுத்தமான மரத்துக்கு, மண்ணு பட்டா உடனே மழுங்கிரும், மூலை உருண்ட பல்லு வச்ச செயின் எடுங்க, கொஞ்சம் ஸ்லோ, ஆனா தாங்கும்லா என்றான்.

வாங்கி மாட்டினேன், அங்கேதான் குழப்பம். முதல் நாள் நேராக அறுத்தது. நான் நாலு தடவை அரம் போட்டுக் கூர் தீட்டியதும் வெட்டு ஒரே பக்கமாக வளைய ஆரம்பித்தது. கிஷனைத் திட்டி இன்னொரு செயின் வாங்கினேன், தீட்டத் தீட்ட அதுவும் அப்படியே. செயின் ஓடும் தகட்டையும் மாற்றினேன், வளைவு போகவில்லை. ஃபாதரைக் கூப்பிட்டு மெஷினை மந்திரிக்கச் சொல்லவா என்று உன் அம்மா கேலி. நேற்று கிஷன் செயினைக் கழற்றிப் பல் பல்லாக அளந்தான். ஒரு பக்கத்துப் பல் எல்லாம் குட்டை, மறுபக்கம் எல்லாம் நீளம். செயின் ஓகேலா அங்கிள், ஒரு பக்கம் உங்க அரம் கடிக்கவே இல்லை என்றான். அதெப்படி? ஒரு பக்கத்துக்கு வலது கை, மறுபக்கத்துக்கு இடது கை, பல்லுக்கு மூன்று தள்ளு, எத்தனை வருஷப் பழக்கம்! அவன் எதிரிலேயே செய்து காட்டினேன். இடது கைக்கு மாற்றியதும் அரம் பல்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. நான் அழுத்துவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது, கிளாரிசா, கை அழுத்தவில்லை. வலி இல்லை. எப்போதிலிருந்து என்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. கிஷன் என் முகத்தைப் பார்க்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க அங்கிள் என்றான்.

அம்மாவிடம் செயின் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்வரலாம் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது அவள் ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிறது என்று வந்து, ஒன்றும் கேட்காமல் என் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டுப் போகிறாள். ஒரு மாதமாகத் தினமும் அவள்தான் போட்டுவிடுகிறாள். இந்த வயதில் கொஞ்சுகிறாள் என்று நானும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் விஷயத்தைப் போனில் சொல்லியிருப்போம், பயம் என்ற வார்த்தை மட்டும் எனக்குப் போனில் வராது, அதனால் தபாலில் போடுகிறேன். பட்டினியாக வேலைக்குப் போகாதே. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
இக்னேஷியஸ்