பெரியம்மாவின் பாட்டு

பாப்பா அம்மாவுக்கு,

உன் அம்மா வீட்டிலிருந்து உன்னை அழைத்துவர ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு எழுதியிருந்தாய். இதைச் சொல்லாமல் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

என் அப்பா டவுன்காரர். அம்மா பிறந்தது காட்டு ஜனத்தில். அந்தப் பக்கம் எல்லாரும் செத்துப்போனதாகச் சொல்லித்தான் உன்னைக் கட்டினேன்.

பாப்பா ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்த நாலாம் நாள், நீ குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாய். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கேள்விப்பட்டு அங்கேயே வந்துவிட்டாள். படுத்துக் கிடப்பவரின் உயிரைப் பாடிக் கூப்பிடுவது அவர்கள் வைத்தியம்.

அதே ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்யும் எக்ஸ்ரே ரூமுக்கு வாட்ச்மேன் வந்தான். "சார், உங்க சொந்தம்னு சொல்லுது ஒரு அம்மா. உள்ள விடட்டுமா?"

கூட இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருன்னே தெரியாதுப்பா" என்றேன்.

பெரியம்மா போகவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். நான் வார்டுக்குப் போனபோது பாப்பா கண் திறந்திருந்தாள், இரண்டு நாளைக்குப் பிறகு.

"அப்பா, யாரோ என்னைக் கூப்பிடுறாங்க."

நான் ஜன்னலைச் சாத்தினேன்.

பாட்டு அவளைக் காப்பாற்றியிருக்குமா, எனக்குத் தெரியாது. கேட்ட பிள்ளைக்கு உண்மையையாவது சொல்லியிருக்கலாம். "யாரும் இல்லடா கண்ணு, தூங்கு" என்றேன். சொன்ன பேச்சைக் கேட்டுத் தூங்கினாள். நீ வந்து எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
அவள் அப்பா