பாட்டின் மேல் குற்றமில்லை

“போயிட்டு வாரேன்” என்று நாகஜோதி இரண்டு தடவை சொல்லியும் கணவன் வெள்ளைத்துரை பேப்பரிலிருந்து நிமிரவில்லை. காதில் ஹெட்போன்கூட இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

“கேஸ் சிலிண்டர்காரர் வருவார். பெல் உங்களுக்குக் கேட்காது, கதவைத் திறந்தே வைங்க. புளிக்குழம்பைச் சுட வச்சுச் சாப்பிடுங்க.

துல்லியம் குறையாம கேட்கும்னு நீங்க சொல்ற அந்த லாஸ்லெஸ் பாட்டுக்குத் திரும்பவும் பணம் கட்டவான்னு கேட்டீங்களே, கட்டாதீங்க. சாதா பாட்டு தெளிவா இல்லைன்னுதான் அம்புட்டு விலைக்கு அதுக்கு மாறுனீங்க. இப்ப அதுவும் தெளிவா இல்லைங்கிறீங்க. குறை பாட்டுல இல்ல, உங்க காதுலதான். சாயங்காலம் கே.கே. நகர் காது டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன்.”

அடியில் நெருக்கி எழுதியிருந்தாள்:

“நான் முனங்குறேன்னு இம்புட்டு நாளும் பிள்ளைக முன்னாடி கத்துனீங்க. டாக்டர்கிட்டத் தனியாவே போங்க. அவர் பேசுறது கேட்கலைன்னா, முனங்காதய்யான்னு அவர்கிட்டயும் கத்திப் பாருங்க.”