ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரை ஊசி

திருப்பூர்
8.3.2004

அன்புள்ள சுப்பாத்தாளுக்கு,

நான் நலம் என்று எழுத ஆசைதான். சம்பந்தியம்மா காலை உடைத்துக்கொண்டார், மகள் சித்ராதேவியின் பிரசவத்துக்கு நீ போனாய், சரி. என் தொடைக்கு யார் இருக்கிறார்கள்? மூன்று வருடமாக இன்சுலின் போட்டது நீ, முகத்தைத் திருப்பிக்கொண்டது நான். நூறு அடுக்குத் துணியை மிஷினில் அறுக்கும் கட்டிங் மாஸ்டருக்கு அந்த ஊசியைப் பார்த்தாலே வேர்க்கிறது. பக்கத்து வீட்டு மருதம்மாளைக் கேட்டால், "மாட்டுக்குன்னா போடுவனுங்க" என்கிறாள். தினமும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று கம்பெனிக்கு லேட். சீக்கிரம் வந்துவிடு.

ஆத்தப்பன்


கொமரலிங்கம்
11.3.2004

அன்புள்ள மாமாவுக்கு,

பேத்தி பிறந்துவிட்டாள். உங்கள் மூக்கு, பாவம். குளிப்பாட்ட இங்கே ஆளில்லை, மூன்று மாதம் வர முடியாது. காலையில் சாப்பிடுவதற்கு முன் இருபது யூனிட், அவ்வளவுதான். கண்ணைத் திறந்துகொண்டு குத்துங்கள். முடியாதென்றால் எழுதுங்கள், பச்சைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிறேன். அந்தப் பாவம் உங்களுக்கு.

சுப்பாத்தாள்


திருப்பூர்
23.3.2004

அன்புள்ள சுப்பாத்தாளுக்கு,

இரண்டு கத்தரிக்காயில் பழகிவிட்டு நானே போட்டுக்கொண்டேன். வலிக்கவே இல்லை. மூன்று வருடம் வீணாகக் கத்தியிருக்கிறேன்.

சனிக்கிழமை அவசர ஆர்டர், ஒன்றரை ஷிப்டு. உழைப்பு ஒன்றரை என்றால் மருந்தும் ஒன்றரை வேண்டாமா? சாயங்காலம் பத்து யூனிட் சேர்த்துப் போட்டேன். ஏழு மணிக்குக் கை நடுங்கியது, சட்டை நனைந்தது. "ஊட்டுக்குப் போங்க மாஸ்டர்" என்றான் சூப்பர்வைசர் சரவணக்குமார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்கே புரிந்தது. மிஷினை நிறுத்திவிட்டு, டீக்கடையில் நாலு கரண்டி சர்க்கரையை அப்படியே தின்றேன். கால் மணியில் தெளிந்தது.

டாக்டர் வண்டி வண்டியாகத் திட்டினார். "ஷிப்டுக் கணக்கெல்லாம் கம்பெனியோட வெச்சுக்கோங்க. ஆனா நீங்களே கண்டுபுடிச்சீங்க பாருங்க, அது நல்லதுங்க" என்றார். இனி இருபதுதான். நீ நிதானமாக வா.

ஆத்தப்பன்


கொமரலிங்கம்
29.3.2004

அன்புள்ள மாமாவுக்கு,

படித்ததும் அழுதேன். பிறகு சித்ராதேவி காதைப் பொத்திக்கொள்ளும்படி உங்களைத் திட்டினேன்.

ஒன்றை மறைத்துவிட்டேன். போன வருடத்திலிருந்து எனக்கும் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்கவில்லை, ஊசிதான் என்று இங்கே சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு ஆயிரம் முறை குத்தியவள்தான். என் தொடை என்றால் கை போகவே மாட்டேன் என்கிறது. நர்ஸ் வீட்டுக்குத் தினமும் நடக்கிறேன், எழுத வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்து எனக்குச் சொல்லிக்கொடுங்கள். சிரித்தால் பேத்தியைக் கண்ணில் காட்டமாட்டேன்.

சுப்பாத்தாள்