ஹுஸ்னாவின் மைக்

அருமை மகன் இஷாக்குக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். அத்தா வழக்கம்போலத் தோல் ஷாப்புக்குப் போய் வருகிறார். தங்கச்சிக்கு நீ கொடுத்தனுப்பிய புது ஹெட்செட்டை ஜமால் முகமது மாமா கொண்டுவந்து தந்தார். பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கிறது. ஏன் என்று போனில் சொல்ல முடியாது, ஒற்றை அறை வீட்டில் ஹுஸ்னா காதில் விழும், அதனால்தான் மஸ்கட் திரும்பும் மாமாவிடமே இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன்.

இஷாக், அவள் மைக் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போச்சென்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் இருவரும் போனில் அந்தத் துப்பாக்கி விளையாட்டு விளையாடினீர்களே, அன்று காது வலிக்கிறதென்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உங்களோடு சேர்ந்த ஊர் பேர் தெரியாத இரண்டு பேர், பெண் குரல் கேட்டதும் ஆரம்பித்தார்கள். முதலில் அடுப்படிக்குப் போகச் சொன்னார்கள், அப்புறம் சொன்னதை இந்தக் கையால் எழுத மாட்டேன். ஒருத்தன் உன்னிடம், “யார்றா இவ, தெரிஞ்சவளா?” என்றான். நீ, “யாரோ, எனக்குத் தெரியாதுடா” என்றாய். கூடவே சிரித்தாய். பெற்றவளுக்கு உன் சிரிப்பு தெரியாதா?

அவள் மைக்கை அணைத்துவிட்டு ஆட்டத்தை முடித்தபிறகுதான் எழுந்தாள். “அண்ணன்ட்ட கேக்காதீங்கம்மா, அது அங்க ஒத்தையில கெடக்கு, வெளாட ஆள் வேணும்ல” என்றாள். இன்றுவரை நீ கூப்பிட்டால் வருகிறாள், வாய்தான் திறப்பதில்லை. வீடு கேட்க குர்ஆன் ஓதும் பிள்ளை, இப்போது உதடு மட்டும் அசைகிறது. கல்லூரியில் அவள் பேச வேண்டிய செமினாரைக் கூடப் படிக்கும் நர்கீஸிடம் கொடுத்துவிட்டாளாம். கேட்டால், “என் குரலு வேணாம்மா” என்கிறாள். எனக்கு மனசே விட்டுப்போச்சு. அத்தாவிடம் சொன்னால் போனை உடைப்பார், போன குரல் வந்துவிடுமா? அந்த இரண்டு பேரை எங்கே போய்த் தேடுவேன்? எனக்குத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன்னைக் காப்பான். இன்னொரு ஹெட்செட் வாங்காதே. வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிடு. தெரியாது என்று சொன்ன அதே இடத்தில், எல்லார் காதிலும் விழும்படி, இவள் என் தங்கச்சி என்று சொல். அவள் பதில் பேசுவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

உன் அம்மா,
கமர்ஜஹான்
பேகம்பூர், திண்டுக்கல்